வந்த பதில் கண்ணில் படவேண்டுமே

ஜெபத்துக்குப் பதிலே வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. போன மாதம் ஆண்டவரிடம் என்ன கேட்டீர்கள்? பெரும்பாலானவர்களுக்குச் சட்டென்று சொல்லத் தெரிவதில்லை. உடம்பு, குடும்பம், வேலை, பிள்ளைகள் என்று பொதுவாகச் சொல்வார்கள். யாருக்காக, எந்த வார்த்தையில், எதைக் கேட்டோம் என்பது நினைவில் நிற்பதில்லை. கேட்டதே நினைவில் இல்லையென்றால், அது வந்து சேர்ந்தது எப்படித் தெரியும்?

இது நம் காலத்துப் பிரச்சினை மட்டும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் பேதுரு சிறையில் இருக்கிறார். சபையார் ஒரு வீட்டில் கூடி அவருக்காக ஊக்கத்தோடு ஜெபிக்கிறார்கள். பேதுரு விடுதலையாகி அதே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் அவர் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்ன பதில்: “நீ பிதற்றுகிறாய்.” அவள் விடாமல் சாதித்த பிறகும் அது அவருடைய தூதனாயிருக்கலாம் என்றார்கள். பேதுருவோ வெளியே தட்டிக்கொண்டே இருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் விசுவாசம் இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ராத்திரியிலும் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பதில் இவ்வளவு சாதாரணமாக, கதவைத் தட்டும் சத்தமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இதில் கண் திறந்தது ஒரு நோட்டுப் புத்தகத்தால். எங்கள் சபையில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். ஜெபக்கூட்டத்தில் யாராவது ஒரு காரியம் சொன்னால் கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார். சில மாதம் கழித்து நம்மைப் பார்க்கும்போது, “அந்தக் காரியம் என்னம்மா ஆச்சு?” என்று கேட்பார். நமக்கே மறந்துபோயிருக்கும். ஒருநாள் அந்த நோட்டைக் காட்டினார். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் தேதியும் வேண்டுதலும், வலப்பக்கம் காலி. சில வரிகளுக்கு எதிரே மட்டும் வேறு மையில் இரண்டு மூன்று வார்த்தைகள். “இந்தப் பக்கத்தை நான் எழுதறதில்ல, அவர் எழுதறார். நான் பார்த்துக் காப்பி பண்றேன்” என்றார். அந்த வாரமே நானும் ஒரு நோட்டு வாங்கினேன்.

பிரிஸ்டலில் 1836ஆம் ஆண்டு அநாதைப் பிள்ளைகளுக்காக இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லரும் இதைத்தான் செய்தார் என்று பிற்பாடு படித்தேன். இல்லத்தின் தேவையை மனிதர்களிடம் சொல்லிக் கேட்பதில்லை என்பது அவருடைய தீர்மானம். என்ன தேவை, எப்போது ஜெபித்தோம், எப்போது எப்படி வந்தது என்று தேதியோடு குறித்துக்கொண்டே வந்தார். 1898இல் இறக்கும்வரை அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அவருடைய குறிப்புகளில் பெரும்பகுதி ரொட்டி, பால், வாடகை மாதிரியான அன்றாட விஷயங்கள்தான்.

சரி, என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது. மனதில் என்ன சொல்லவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. முகத்தில் அது தெரியும். வாயிலிருந்து வருவது மட்டும் ஒரே ஒரு வார்த்தை. “சரி.” பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. ஜன்னலைக் காட்டி “சரி, சரி, சரி” என்று குரலை உயர்த்துவார். திறக்கச் சொல்கிறாரா, மூடச் சொல்கிறாரா என்று நாங்கள் தடுமாறுவோம். கடைசியில் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

இப்படி ஒரே வார்த்தையில் மாட்டிக்கொள்வது இந்த நோயில் புதிதல்ல. 1861இல் பாரிசில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பரிசோதித்த ஒரு நோயாளி எதைக் கேட்டாலும் “டான்” என்றுதான் சொல்வாராம். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்துத்தான், பேச்சுக்கான ஓர் இடம் மூளையின் இடது முன்பக்கத்தில் இருக்கிறது என்று புரோக்கா காட்டினார். அப்பாவைப் பார்த்த டாக்டர் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். எவ்வளவு பேச்சு திரும்பும் என்று மட்டும் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நோட்டில் எழுதினேன்: “அப்பா பேசவேண்டும்.” அன்று ராத்திரியே அது போதாது என்று பட்டது. அடியில் இன்னொரு வரி சேர்த்தேன்: “தண்ணீர் வேண்டும் என்றாவது சொல்லவேண்டும்.” ஏனென்றால் அந்த நாட்களில் எங்களை அதிகம் வாட்டியது அதுதான். அவருக்குத் தாகமா என்று ஒவ்வொரு முறையும் நாங்கள்தான் யூகிக்கவேண்டியிருந்தது.

வாரங்கள் போயின. ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஒரு நாள் மாலை, அம்மா அவர் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். நான் மறுபக்கம் நின்று அப்பாவை ஒருக்களித்துப் பிடித்திருந்தேன். அம்மாவுக்கு வேலை செய்யும்போது வாய்க்குள் பாடும் பழக்கம் உண்டு. அன்றைக்கு 23ஆம் சங்கீதம். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று முதல் வரியை முடித்து, விரிப்பின் முனையைச் செருகுவதற்காகக் குனிந்தார். பாட்டு நின்றது. அடுத்த வரி என் கைக்குள்ளிருந்து வந்தது. அப்பாவின் முதுகு அதிர்ந்ததை முதலில் உள்ளங்கையில்தான் உணர்ந்தேன். “அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து, அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில் என்னைக் கொண்டுபோய் விடுகிறார்.” குரல் கரகரத்தது. ராகம் ஒரு இடத்தில் இறங்கிப்போனது. வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. அம்மா விரிப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

பாடி முடித்ததும் “அப்பா, தண்ணி வேணுமாப்பா?” என்று கேட்டேன். “சரி” என்றார். மறுபடி அதே ஒற்றை வார்த்தை.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோஷமும் ஏமாற்றமும் கலந்த ஏதோ ஒன்று. நோட்டை எடுத்தபோதுதான் நான் எழுதிவைத்திருந்த வரி கண்ணில் பட்டது. தண்ணீர் என்று சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தேன். அந்த வார்த்தை அன்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. நான் எதிர்பார்த்த விதத்தில் வரவில்லை, அவ்வளவுதான். அந்த வரி மட்டும் தாளில் இல்லாமல் இருந்தால், அப்பா பாடினார் என்ற அதிசயத்தோடு நான் நின்றிருப்பேன். நான் கேட்டதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதே தெரிந்திருக்காது.

அடுத்த வாரம் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. இப்படி நடப்பதுண்டு என்றார். பேச்சுக்கு மூளையின் இடதுபக்கம் முக்கியம். பாட்டுக்கு வலதுபக்கமும் கைகொடுக்கிறது. பழகிப்போன பாட்டின் வார்த்தைகள் ராகத்தோடு சேர்ந்து தப்பித்துக்கொள்கின்றன என்றார். 1745இலேயே சுவீடனில் ஒலோஃப் டாலின் என்பவர் இப்படி ஒருவரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். வலதுபக்கம் செயலிழந்த அந்த மனிதருக்கு “ஆம்” என்பதைத் தவிர எதுவும் பேச வராது. நோய் வருமுன் கற்றிருந்த ஞானப்பாட்டுகளை மட்டும், யாராவது தொடக்கத்தில் கூடப் பாடினால், தெளிவாகப் பாடுவாராம். அதைப் படித்தபோது என் அப்பாவைப் பற்றியே படித்த மாதிரி இருந்தது. 1970களில் பாஸ்டன் மருத்துவர்கள் இதையே ஒரு பயிற்சி முறையாக ஆக்கினார்கள். சின்னச் சின்ன வாக்கியங்களை ராகம் போட்டு முனகவேண்டும். கூடவே இடது கையால் தாளம் தட்டவேண்டும். பயிற்சி கொடுக்க வருகிறவர் எங்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கு அப்பா இடது கையால் கட்டில் ஓரத்தைத் தட்டி, “தண்-ணி வே-ணும்” என்று இழுத்துப் பாடுகிறார். ஒவ்வொரு நாளும் வருவதில்லை. வருகிற நாளில் வீடே காதைத் தீட்டிக்கொள்கிறது.

உறவினர் ஒருவர் கேட்டார்: “அப்படின்னா இது மூளை செய்த வேலைதானே? ஜெபத்துக்குப் பதில்னு எப்படிச் சொல்றே?” நல்ல கேள்வி. நான் அதைத் தள்ளிவிடவில்லை, நாள்கணக்கில் யோசித்தேன். எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. காரணம் தெரிந்துவிட்டால் கடவுள் அங்கே இல்லை என்று ஆகிவிடாது. மூளைக்கு இரண்டு பக்கம் வைத்ததும், ஒரு பக்கம் விழுந்தால் மறுபக்கம் தாங்கும்படி வைத்ததும் அவர்தான் என்று நம்புகிறவனுக்கு, அந்த விளக்கமே நன்றிசொல்ல இன்னொரு காரணம். எத்தனையோ வருஷம் அம்மா வேலையோடு வேலையாக அந்தச் சங்கீதத்தைப் பாடியிருக்கிறார். அப்பா அதை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். நோய் வருவதற்கு வெகுகாலம் முன்பே மருந்து அவருக்குள் சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது. நான் ஜெபிக்கத் தொடங்கிய நாளில்தான் கடவுளும் வேலையைத் தொடங்குகிறார் என்று ஏன் நினைக்கவேண்டும்?

எஸ்தர் புத்தகத்தை அதற்கப்புறம் வேறு கண்ணோடு வாசித்தேன். எபிரேய மூலத்தில் அந்தப் புத்தகம் முழுவதிலும் கடவுளின் பெயர் ஓர் இடத்திலும் கிடையாது. தங்களை அழிக்கக் கட்டளை பிறந்ததால் யூதர்கள் மூன்று நாள் உபவாசம் இருக்கிறார்கள். வானம் திறக்கவில்லை, கடல் பிளக்கவில்லை. நடப்பது என்ன? ஒரு ராத்திரி ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. அரசாங்க நடபடிகளை எழுதிவைத்த நாளாகமப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி வாசிக்கக் கேட்கிறார். அதில் எஸ்தரை வளர்த்த யூதனான மொர்தெகாய் முன்பு ராஜாவின் உயிரைக் காப்பாற்றிய செய்தி இருக்கிறது. அங்கிருந்து எல்லாமே திரும்புகிறது. அரண்மனையில் இருந்தவர்களுக்கு அது ஒரு தூங்காத இரவு, வேறொன்றும் இல்லை. உபவாசம் இருந்தவர்கள்தான் அதைப் பதில் என்று அறிந்துகொள்ள முடிந்தது.

இனி கேட்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம். கவனிக்க வேண்டுமானால், கவனிக்கக்கூடிய விதத்தில் கேட்டிருக்கவேண்டும். “குடும்பத்தை ஆசீர்வதியும்” என்று கேட்டால், ஆசீர்வாதம் வந்ததா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது? ஆதியாகமம் 24இல் ஆபிரகாமின் ஊழியக்காரன் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போகிறான். கிணற்றடியில் நின்று, குடிக்கத் தண்ணீர் கேட்கும்போது ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று சொல்லும் பெண்தான் இவள் என்று அறியவேண்டும் எனக் குறிப்பாகக் கேட்கிறான். சொல்லி முடிக்குமுன்னே ரெபேக்காள் குடத்தோடு வருகிறாள். அவன் ஆஹா என்று குதித்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். கர்த்தர் தன் பிரயாணத்தை வாய்க்கப்பண்ணினாரோ இல்லையோ என்று அறிவதற்காக “மவுனமாயிருந்தான்” என்று வேதம் சொல்கிறது. அவனிடம் இருந்தவை பத்து ஒட்டகங்கள். தாகமெடுத்த ஓர் ஒட்டகம் ஒரு நேரத்தில் 100 லிட்டர் வரைகூடக் குடிக்கும். அவள் எத்தனை முறை இறங்கி ஏறி மொண்டிருப்பாள்! அவ்வளவு நேரமும் அவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் தலைகுனிந்து தொழுதான். குறிப்பாகக் கேட்பது, அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருப்பது, உறுதியானதும் அங்கேயே நன்றிசொல்வது. நான் நோட்டில் செய்யப் பழகுவது இதைத்தான்.

குறிப்பாகக் கேட்பது என்றால் கடவுளுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பிள்ளை அப்பாவிடம் இன்னது வேண்டும் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எதைக் கொடுப்பது என்பது அப்பாவின் கையில் இருக்கிறது.

அண்ணன் விஷயத்தில் நான் கேட்டது இது: “அண்ணன் அப்பாவிடம் பேசவேண்டும்.” ஒரு பழைய மனஸ்தாபம். யார்மேல் தப்பு என்பது இங்கே தேவையில்லை. அப்பா படுத்த பிறகும் அவர் என்னிடம் போனில் விசாரிப்பதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு சமாதானப் பேச்சு, கண்ணீர், மன்னிப்பு என்று ஏதாவது நடக்கும் என்று மனதில் ஒரு படம் எனக்கு இருந்தது. ஒருநாள் ராத்திரி போனில் ஒரு வரி வந்தது: “ராத்திரி மாத்திரை எத்தனை மணிக்கு?” ஒன்பது மணிக்கு அண்ணா என்று பதில் போட்டேன். சனிக்கிழமை ராத்திரி தான் வந்து பார்த்துக்கொள்வதாக அடுத்த வரி. அவ்வளவுதான்.

வந்தார். பையை வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைத் தடவிப் பார்த்தார். வெந்நீர் கேட்டார். நுரை போட்டு, கன்னத்தை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, பக்கவாதத்தில் தொங்கிப்போயிருந்த வாய்க்கோணத்தில் பிளேடு படாமல் மெதுவாகச் சவரம் செய்துவிட்டார். அப்பா கண்ணை மூடவே இல்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டால் துடைத்த பிறகு அண்ணன் கேட்டார்: “அடுத்த வாரமும் வரட்டுமாப்பா?” அப்பா சொன்னார்: “சரி.”

நோட்டில் வலப்பக்கம் தேதி போட்டு, “சவரம்” என்று மட்டும் எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை இதுவரை இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. பேசவேண்டும் என்று கேட்டேன், பேசினார்கள். நம் மனதில் ஓடும் படத்தையும் நாம் கேட்ட வார்த்தையையும் பிரித்துப் பார்ப்பது மிகவும் முக்கியம். படத்தோடு ஒத்துப்போகாததால் பதிலைப் பதில் இல்லை என்று நாம் எத்தனை முறை தள்ளிவிடுகிறோமோ!

சில பதில்கள் வெளியே எதையும் மாற்றுவதில்லை. 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் அன்னாள் பிள்ளைக்காக அழுது ஜெபிக்கிறாள். ஆசாரியனாகிய ஏலியின் ஆசீர்வாதத்தைப் பெற்றுக்கொண்டு போய்ச் சாப்பிடுகிறாள். “அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை” என்று இருக்கிறது. சாமுவேல் இன்னும் கருவில்கூட இல்லை. சூழ்நிலை அப்படியே இருக்க, முகம் மாறிவிட்டது. அப்பாவைக் கவனித்துக்கொண்ட நாட்களில் எனக்கும் இப்படி நடந்ததுண்டு. ராத்திரி பலமுறை எழுந்து, விடியும்போது இன்றைக்கு ஒரு நாளை எப்படித் தள்ளப்போகிறேன் என்று கேட்பேன். அன்று யாரும் உதவிக்கு வந்திருக்கமாட்டார்கள். வேலை குறைந்திருக்காது. ராத்திரி திரும்பிப் பார்த்தால் கோபப்பட்டுக் கத்தாமல் நாள் முடிந்திருக்கும். இதைப் பதில் என்று எழுத ஆரம்பித்த பிறகுதான், இந்த வகைப் பதில்களே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் என்று தெரிந்தது. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் வந்தது. அதையும் பதில் என்றே பவுல் எழுதிவைத்தார்.

இன்னொரு வகை, கேட்டதற்கு நேர்மாறாக நடப்பது. பிற்காலத்தில் ஆயரான அகஸ்டினின் தாய் மோனிக்கா, மகன் ரோமுக்குப் போய்விடக்கூடாது என்று இரவெல்லாம் அழுது ஜெபித்தார். அவனோ அம்மாவிடம் பொய்சொல்லிவிட்டு அதே இரவில் கப்பலேறிவிட்டான். அது 383ஆம் ஆண்டு. ரோமிலிருந்து மிலானுக்குப் போனான், அங்கே ஆயர் அம்புரோஸின் பிரசங்கங்களைக் கேட்டான், 387இல் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றான். மகன் கடவுளிடம் திரும்பவேண்டும் என்பதுதான் அந்தத் தாய் வருஷக்கணக்காகக் கேட்டுவந்தது. அன்று இரவு அவர் கேட்டது கிடைக்காமல் போனது, எப்போதும் கேட்டுவந்தது அந்தப் பயணத்தின் வழியாகத்தான் கிடைத்தது. அகஸ்டின் பிற்காலத்தில் இதை இப்படித்தான் புரிந்துகொண்டார்.

ஆனால் இந்தக் கதையை எல்லார் வாழ்க்கைக்கும் பொருத்திவிடக்கூடாது. என் நோட்டில் ஒரு வரி இருக்கிறது. என் நெருங்கிய தோழிக்குப் புற்றுநோய் குணமாகவேண்டும் என்று. நாங்கள் பலர் சேர்ந்து கேட்டோம். அவள் இறந்துபோனாள். எதிரே வலப்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. “பரலோகத்தில் முழு சுகம் கிடைத்துவிட்டதே, அதுதான் பதில்” என்று ஒருவர் எழுதிக்கொள்ளச் சொன்னார். அவள் இப்போது வேதனையில்லாமல் இருக்கிறாள் என்று நானும் முழு மனதோடு நம்புகிறேன். இருந்தாலும் நாங்கள் கேட்டது அதுவல்ல, கேட்டது எங்களுக்கு நன்றாகத் தெரியும். கடவுளுக்காக நான் சாக்குச் சொல்லத் தேவையில்லை. சங்கீதங்களில் பல “எதுவரைக்கும் கர்த்தாவே” என்ற தொனியில்தானே இருக்கின்றன. அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். அதைப் பார்த்து அழுதபடியும் ஜெபிக்கலாம்.

கிடைக்காதவற்றையும் நேர்மையாக எழுதிவைப்பதால் இன்னொரு நன்மை உண்டு. நடந்ததை மட்டும் எண்ணி நடக்காததை மறந்துவிடும் பழக்கம் மனித மனதுக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் பதில் என்று சொல்லித் திரிந்தால் நாளடைவில் நமக்கே நம்பிக்கை போய்விடும். பஸ் நேரத்துக்கு வந்தது, மழை நின்றது என்று எல்லாவற்றையும் நான் எழுதுவதில்லை. நன்றி சொல்கிறேன், சரி. கேட்ட காரியமா என்று பார்க்கிறேன். கேட்டதாக இருந்தால் மட்டுமே வலப்பக்கம்.

பிறரிடம் சொல்வதிலும் கவனம் வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவர் பக்கத்தில் இருக்கும்போது, தொலைந்த சாவி ஜெபித்ததும் கிடைத்தது என்று சாட்சி சொல்வதை நான் தவிர்க்கிறேன். சாவி கிடைத்தது உண்மை, கடவுள் அதில் இருந்ததும் உண்மையாக இருக்கலாம். கேட்கிறவர் மனதில் அந்த நேரத்தில் என்ன ஓடும் என்பதும் உண்மை. சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்படவும் அழுகிறவர்களோடு அழவும் சொன்ன வேதம்தானே நம்முடையது.

எழுதுவது பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் புனித லொயோலா இஞ்ஞாசியார் தம்மோடு இருந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. நண்பகலிலும் இரவிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கழிந்த நேரத்தை மணிமணியாகத் திரும்பிப் பார்ப்பது. முதலில் நன்றி. பிறகு வெளிச்சம் கேட்பது, ஏனென்றால் நம் நாளை நாமே சரியாகப் பார்க்க முடியாது. அப்புறம் நடந்தவை ஒவ்வொன்றாக. நான் ராத்திரி மட்டும் செய்கிறேன். காலையில் எழுந்ததிலிருந்து யார் யாரிடம் பேசினேன், எங்கே மனம் லேசானது, எங்கே இறுகியது என்று போகும்போது, பகலில் கவனிக்காமல் தாண்டிப்போன ஒன்று சிக்கும். யாரோ தற்செயலாகச் சொன்ன ஒரு வார்த்தை, காலையில் நான் கேட்ட கேள்விக்கு விடையாக இருக்கும். களைத்துப்போய்த் தூங்கிவிடும் நாட்களும் உண்டு. அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை.

எலியா கர்மேல் மலையில் மழைக்காக ஜெபித்தபோது, கடலைப் பார்த்துவரச் சொல்லி ஊழியக்காரனை ஏழு முறை அனுப்பினார். ஆறு முறையும் “ஒன்றும் இல்லை.” ஏழாவது முறை மனுஷனுடைய உள்ளங்கை அளவு சின்ன மேகம். ஜெபிப்பவர் ஒருவர், பார்க்கிறவர் இன்னொருவர் என்பதைக் கவனியுங்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. என் கண்ணில் படாததை அம்மா பார்த்துச் சொல்கிறார். அண்ணன்கூடப் போன வாரம், “அந்த நோட்டில இதையும் எழுது” என்று ஒன்றைச் சொன்னார். தனியாகப் பார்ப்பதைவிட இரண்டு பேராகப் பார்ப்பது நல்லது. கணவனோ மனைவியோ, தோழியோ, ஜெபக்கூட்டத்தில் ஒருவரோ, நீங்கள் என்ன கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்த ஒருவர் இருக்கட்டும்.

மாதத்துக்கு ஒரு முறை வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகளை மறுபடி வாசிக்கிறேன். சிலவற்றை இனிக் கேட்கத் தேவையில்லை என்று தோன்றும். சிலவற்றின் வார்த்தையை மாற்றி எழுதவேண்டியிருக்கும். “அப்பா பேசவேண்டும்” என்ற முதல் வரியை நான் இன்னும் அடிக்கவில்லை. அதன் கீழே இப்போது, “எங்கே வலிக்கிறது என்று அப்பா சொல்லவேண்டும்” என்று சேர்த்திருக்கிறேன். அதற்கும் ஒரு ராகம் போட்டுப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். அண்ணன்தான் சனிக்கிழமைகளில் தாளம் தட்டுகிறார். இன்னும் வரவில்லை.